இறந்தவரின் சொத்தும் இருப்பவரின் கணக்கும்

பத்திரிகையில் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று மரண அறிவித்தல்கள் வரும் பக்கம். மற்றையது சட்ட அறிவித்தல்கள் வரும் பக்கம். முதலாவதை எல்லோரும் வாசிப்பார்கள். காலைத் தேநீர் ஆறுவதற்கு முன்பே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் அந்தப் பக்கம் விரிந்துவிடும். இரண்டாவதைச் சட்டத்தரணிகளும் காணித் தரகர்களும் தவிர வேறெவரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தவன் என்ற வகையில் இரண்டு பக்கங்களையும் நான் பார்த்து வந்திருக்கிறேன். முதற் பக்கத்தில் 'அன்புச் சகோதரர்கள்' என்று ஒரே வரிசையில் அச்சான பெயர்கள், ஓரிரு வருடங்கள் கழித்து மற்றப் பக்கத்தில் மனுதாரர் என்றும் எதிர்மனுதாரர் என்றும் பிரிந்து நிற்கக் கண்டிருக்கிறேன். மரணசாதன வழக்குகள் எல்லாமே சண்டையல்ல. நடைமுறைக்காகவே உறவினர்கள் எதிர்மனுதாரர் ஆக்கப்படுவதுண்டு. ஆயினும் சில குடும்பங்களில் அந்தப் பிரிவு காகிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர் அறிந்து வருந்தியிருக்கிறேன். எங்கள் குடும்பம் அந்த வகையில் சேராது என்றே நம்பியிருந்தேன்.

எங்கள் பெரியண்ணர் 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் காலமானார். மனைவியை முன்னரே இழந்தவர். பிள்ளைகள் இல்லை. களுபோவிலவில் வைத்தியசாலைக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், தன் அரச உத்தியோகச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துக் கட்டிய மாடி வீட்டில் வாழ்ந்தார். கீழ்வீட்டில் அவரும், திருமணம் செய்யாது ஆசிரியையாகவே வாழ்ந்து ஓய்வுபெற்ற எங்கள் அக்காவும். மேல்வீடு வாடகைக்கு. இன்னொரு தம்பி இலண்டனில். கடைசித் தங்கை ரொறன்ரோவில். அண்ணர் நொத்தாரிசு முன்னிலையில் இறுதி விருப்பாவணம் எழுதி வைத்திருந்தார். வீட்டை விற்று நால்வருக்கும் சமமாகப் பகிர வேண்டும், விற்கும்வரை அக்கா அங்கே இருக்கலாம், நிறைவேற்றுநர் நான். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எழுதிவிட முடியாது.

கல்கிசை மயானத்தில் காரியங்கள் முடிந்த மறுநாள் அண்ணரின் அலுமாரியைத் திறந்தோம். ஏழரை இலட்சம் ரூபா காசு இருந்தது. அக்காவின் முன்னிலையில் எண்ணினேன். தம்பிக்கும் தங்கைக்கும் தொலைபேசியில் சொன்னேன். ஒரு கொப்பி வாங்கி எழுதிவைப்போமா என்று அக்கா கேட்டார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதிலேயே ஒலிக்கிறது.

"எங்களுக்குள்ளை என்ன அக்கா கணக்கு?"

அந்த ஒரு வாக்கியத்தின் விலையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

மலர்ச்சாலைக்குக் கொடுத்தது, பத்திரிகை அறிவித்தல், எட்டுச் செலவு, அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் மதிய போசனம், நினைவு மலர் அச்சுக்கூலி, மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், மாநகர சபை வரி, கூரைத் திருத்தம். எல்லாவற்றுக்கும் என் கையாலேயே கொடுத்தேன். சில அண்ணரின் காசில் போயின. சில என் காசில் போயின. எது எதில் போனது என்பது அந்தந்த நாளில் எனக்குத் தெரிந்திருந்தது. ஏழு மாதங்களின் பின் தெரியவில்லை.

2022 ஜனவரியில் மேல்வீட்டுக்காரர் வெளிநாடு போவதற்காக வீட்டைக் காலிசெய்தார். முற்பணமாகத் தான் கொடுத்த ஆறு இலட்சத்தைக் கேட்டார். கோவையில் இருந்த வாடகை ஒப்பந்தம் மூன்று இலட்சம் என்றது. ஒப்பந்தம் புதுப்பித்தபோது மேலும் மூன்று இலட்சம் கையில் கொடுத்ததாக அவர் சொன்னார். அக்காவுக்கும் அப்படியொரு ஞாபகம் இருந்தது. நல்ல மனிதர், ஐந்து வருடங்களாக வாடகை தவறியதில்லை. அலுமாரிக் காசில் இருந்து ஆறு இலட்சத்தை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு வாங்கவில்லை.

அந்த வருட நடுப்பகுதியில் தம்பி கணக்குக் கேட்டான். நினைவில் இருந்ததை எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அழைத்தான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. ஒப்பந்தத்திலை மூண்டு எண்டுதானே கிடக்கு. மற்ற மூண்டையும் ஆர் சொல்லிக் குடுத்தனீங்கள்?"

கோபம் வந்தது. கோபத்தில் சொல்லக்கூடாததைச் சொன்னேன். அவனும் சொன்னான். அதன் பின் எட்டு மாதங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு அவன் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தது.

என்னைக் கள்ளன் என்று அவன் ஒருபோதும் சொல்லவில்லை. நான் கள்ளன் இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. இரண்டும் உண்மை. கேள்வி கேட்டவனில் பிழையில்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நீண்டகாலம் எடுத்தது.

சட்டம் இந்த விடயத்தில் எங்களைப் போல அன்றி மிகத் தெளிவாக இருக்கிறது. இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889ஆம் ஆண்டுக்குரியது. அதன் 551ஆம் பிரிவின்படி, விருப்பாவணத்தை நிறைவேற்றுபவரோ, விருப்பாவணம் இல்லாதவிடத்து நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட நிர்வாகியோ, தமக்கு அதிகாரம் வழங்கப்பட்ட நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் தமது நிர்வாகத்தின் உண்மையான கணக்கை மாவட்ட நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும். சத்தியம் செய்து சமர்ப்பிக்க வேண்டும். பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் இணைத்துச் சமர்ப்பிக்க வேண்டும். அடுத்த 552ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. ஒரு வருடத்தின் பின்னரும் கடன்காரருக்கோ வாரிசுகளுக்கோ சேர வேண்டிய பணத்தைத் தகுந்த காரணமின்றித் தம் கையில் வைத்திருப்பவர், அதற்குரிய வட்டியைத் தமது சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.

இது எங்கள் நாட்டின் விசித்திரமன்று. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதிகாரம் பெற்ற ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும் ஒரு வருடத்துக்குள் கணக்கையும் கேட்கிறது. அதே 1925இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டமும், நீதிமன்றம் கேட்கும்போது பட்டியலையும் கணக்கையும் சத்தியத்தின் பேரில் முன்வைக்கும் கடமையை நிறைவேற்றுநர்மீது சுமத்துகிறது. கனடாவின் ஒன்ராறியோவிலும் பங்காளர் ஒருவர் விரும்பினால் நிறைவேற்றுநரைக் கணக்கோடு நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். ஆகவே இலண்டனில் இருக்கும் தம்பியும் ரொறன்ரோவில் இருக்கும் தங்கையும் கணக்குக் கேட்டால், 'வெளிநாட்டுக்குப் போய் மாறிவிட்டார்கள்' என்று புலம்புவதில் பொருளில்லை. அவர்கள் கேட்பது களுபோவிலவுக்கும் கல்கிசை நீதிமன்றத்துக்கும் உரிய சட்டம் நூறு வருடங்களுக்கு மேலாகக் கேட்டு வருவதைத்தான்.

கணக்கு எங்களுக்குப் புதிய கலையுமன்று. கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பேரேடு எழுதி ஐந்தொகை எடுக்காமல் ஒரு வருடத்தை முடித்ததில்லை. எங்கள் பாடசாலைகளில் வர்த்தகம் படித்த பிள்ளைகளும் நெடுங்காலம் ஐந்தொகை என்ற சொல்லைத்தான் எழுதி வந்தார்கள். அந்தச் சமூகத்தின் அருணாசலம் செட்டியார் 1938இல் காலமானார். இலங்கையில் அவர் விட்டுச்சென்ற சொத்துக்கு மரண வரி கேட்டது அரசு. அது அவருடைய தனிச் சொத்தா, பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்தின் பொதுச் சொத்தா என்பதே கேள்வி. வழக்கு இலண்டனில் பிரிவிக் கவுன்சில் வரை போனது. குடும்பத்தின் பொதுச் சொத்தே, அந்த வரிக்கு உட்படாது என்று தீர்ப்பானது 1957இல். இறந்து பத்தொன்பது வருடங்கள். ஒரு சொத்து எந்த வழியால் வந்தது என்ற வினாவுக்கு விடை சொல்ல எத்தனை காலம் எடுக்கும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்த வினா இரட்டிப்பாக முக்கியமானது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, சொத்தை அது வந்த வழியை வைத்தே வகைப்படுத்துகிறது. பெற்றோர் வழி வந்தது முதுசொம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். மணவாழ்வில் தேடியது தேடியதேட்டம். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும் விதிகளை மாற்றினவே தவிர, அந்த வகைப்பாட்டை அழிக்கவில்லை. கொழும்பில் நிலைகொண்டுவிட்ட ஒருவருக்குத் தேசவழமை பொருந்துமா என்பதுகூட அவரவர் வதிவிட உண்மைகளை வைத்துத் தீர்மானிக்கப்படும் கேள்வியாகும். அம்மாவின் சீதனக் காணியை விற்ற காசு வீட்டின் அத்திவாரத்துக்குப் போனதா, அப்பாவின் சம்பளத்துக்குள் கலந்ததா என்று ஐம்பது வருடங்களின் பின் யார் சொல்வது? எழுதி வைத்த கொப்பிதான் சொல்லும்.

எழுதி வைத்த கொப்பியும் எங்களிடம் இல்லாமற் போனதற்குக் காரணம் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகள் எரிந்தபோது உறுதிகளும் வங்கிப் புத்தகங்களும் கூடவே எரிந்தன. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம். அப்பாவின் கைக்கணக்கை எங்கே எடுப்பது? வன்னியில் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு மரணச் சான்றிதழே பெரும் வினாவாக இருந்தது, இருக்கிறது. இறந்ததாக எழுதிக்கொடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காகக் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இடமளித்தது. அதைக்கொண்டு அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். தற்காலிகம் என்ற அந்தச் சொல்லுக்குள்ளேயே கணக்கு அடங்கியிருக்கிறது. ஒருநாள் அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தால் என்ன காட்டுவோம்? அந்த நம்பிக்கையோடு இருப்பவர்கள் கணக்கையும் அந்த நம்பிக்கையோடே எழுத வேண்டும்.

புகழும் வழக்கறிஞர்களும் சூழ வாழ்ந்தவர்களுக்கும் விலக்கில்லை. கண்டியில் பிறந்து தமிழகத்தை ஆண்ட எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தபோது விருப்பாவணம் இருந்தது, நிறைவேற்றுநரும் இருந்தார். ஆயினும் அவருடைய சொத்து நிர்வாகம் பற்றிய வழக்குகள் தசாப்தங்களாக நீண்டன. ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்தார். அண்ணன் பிள்ளைகள் இருவரும் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளிக்கும்வரை மூன்றரை வருடங்கள் போயின. போயஸ் தோட்ட வீட்டை அரசு கையகப்படுத்தியது செல்லாது என்ற தீர்ப்பு வர 2021 நவம்பர் ஆகிவிட்டது. கோடிகளுக்கு நேர்வதே எங்கள் இலட்சங்களுக்கும் நேர்கிறது. அளவுதான் வேறு.

களுபோவில வீட்டில் நான் கற்றவற்றை, பிறருக்குப் பயன்படக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

பெரும்பாலான பிழைகள் முதல் முப்பத்தொரு நாளில் நடக்கின்றன. துக்கம், வருவோர் போவோர், சமையல், ஐயர், வாகனம். யாராவது ஒருவர் கையில் காசு இருந்துகொண்டே இருக்கும். யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். இறந்தவரின் வங்கி அட்டையும் இரகசிய இலக்கமும் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். 'செத்தவீட்டுச் செலவுக்குத்தானே' என்று எடுத்துவிடுவார்கள். எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அற்றோணித் தத்துவம் பெற்றிருந்தவருக்கும் இல்லை. கொடுத்தவரின் மூச்சோடு அந்தத் தத்துவமும் முடிந்துவிடுகிறது. நல்ல நோக்கத்தோடு எடுத்த அந்த ஐம்பதினாயிரம்தான் பிற்காலத்தில் எல்லாச் சந்தேகத்துக்கும் விதையாகிறது.

இறந்தவருக்கு வரவேண்டியது போலவே அவர் கொடுக்க வேண்டியதும் உண்டு என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். வாடகை முற்பணம் வருமானமல்ல, அது கடன். கைமாற்று வாங்கியிருப்பார். சீட்டுப் பிடித்திருப்பார். நகை அடைவில் இருக்கும். மரணத்தின் பின்னரும் கணக்கில் விழுந்துவிட்ட ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஈமச் செலவும் கடன்களும் போக மிஞ்சுவதே பங்கு. மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியாமல் பங்கைப் பற்றிப் பேசத் தொடங்கும் குடும்பங்கள்தான் அதிகம்.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் கூரைத் திருத்தத்துக்குத் தம்பி ஆயிரம் பவுண் அனுப்பினான். ஏறத்தாழ இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் ரூபா வந்தது. அதே தேவைக்கு அக்கா தன் சேமிப்பிலிருந்து அதே தொகையை ரூபாவில் கொடுத்தார். 2022 மார்ச்சில் ரூபா விழத் தொடங்கியது. ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. அதே ஆயிரம் பவுண் அப்போது நாலரை இலட்சம். வீடு விற்றதும் இருவருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும். தம்பிக்குப் பவுணிலா, ரூபாவிலா? பவுணில் கொடுத்தால் அக்காவுக்கு அநியாயம். ரூபாவில் கொடுத்தால் தம்பிக்கு நட்டம். அனுப்பிய அன்றே 'இது ரூபாக் கடனாகக் கணக்கில் சேர்க்கப்படும்' என்றோ 'பவுணிலேயே திருப்பப்படும்' என்றோ ஒரு வரி எழுதிச் சம்மதம் வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திராது. நாள், நாணயம், மாற்றுவீதம், கடனா நன்கொடையா என்ற நான்கும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பணத்தோடும் எழுதப்பட வேண்டும்.

வீட்டில் குடியிருக்கும் பங்காளரைப் பற்றியும் இதே விதமான மயக்கம் உண்டு. பத்து வருடம் ஒருவர் மட்டும் இருந்துவிட்டால் வீடு அவருக்கே ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், பலர் பயப்படுகிறார்கள். கூட்டுரிமையாளர் ஒருவரின் இருப்பு மற்றவர்களின் இருப்பாகவே கொள்ளப்படும், வெளிப்படையாக அவர்களை விலக்கினாலொழிய காலம் ஓடத் தொடங்காது என்ற கொள்கையைக் கொறெயா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் 1911இலேயே நிலைநாட்டிவிட்டது. அந்தப் பயத்தில் அவசரப்பட்டுப் படலையில் பூட்டுப் போடுவதைவிட, வாடகை எவ்வளவு வந்தது, வரியை யார் கட்டினார் என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பது மேல்.

கொப்பி பெரிய விடயமன்று. தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. நாள், யார், எதற்கு, எவ்வளவு, எந்தப் பணத்திலிருந்து. பற்றுச்சீட்டுக்கு இலக்கமிட்டு அதே இலக்கத்தைக் கொப்பியிலும் எழுதுவது. பற்றுச்சீட்டு தராத ஐயருக்கும் கூலிக்காரருக்கும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குவது. அதிகாரம் கிடைத்தவுடன் நீதிமன்றத்துக்குக் காட்டக்கூடியதாக ஒரு தனி வங்கிக் கணக்குத் திறந்து, உங்கள் காசையும் இறந்தவரின் காசையும் ஒரு நாளும் ஒன்றாக்காதிருப்பது. மாதமொருமுறை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எல்லாப் பங்காளருக்கும் கேளாமலே அனுப்புவது. நான் சொன்னவற்றில் இந்தக் கடைசிதான் மிக முக்கியமானது. கேட்டபின் கொடுக்கும் கணக்கில் எதையோ மறைத்த சாயல் வந்துவிடுகிறது. கேளாமல் கொடுத்ததை யாரும் அப்படி வாசிப்பதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. கணக்குக் கேட்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கல்கிசை நீதிமன்றத்துக்கு எத்தனை தடவை போனேன், மாநகர சபையில் எத்தனை காலைகள் காத்திருந்தேன் என்பதெல்லாம் பற்றுச்சீட்டில் வராது. நிறைவேற்றுநருக்கு நீதிமன்றம் அனுமதிக்கும் ஊதியத்தைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதை எடுப்பது அவமானமல்ல. வேண்டாமென்று விடுவதாயின் அதையும் கணக்கில் எழுதிவிட்டே விட வேண்டும். 'நான் ஒன்றும் எடுக்கவில்லை' என்று பத்து வருடம் சொல்லிக்காட்டும் தியாகம் குடும்பத்துக்கு அதைவிடச் செலவானது.

இன்னொன்று, என்னை இன்றும் உறுத்துவது. அக்கா ஒன்பது வருடங்கள் அண்ணரைப் பார்த்தார். மருந்து, சாப்பாடு, இரவில் விழித்திருந்தது, கடைசி வருடத்தில் குளிப்பாட்டியது. தன் ஓய்வூதியத்தில் எத்தனையோ போட்டார். ஒன்றையும் எழுதவில்லை. விருப்பாவணம் சமபங்கு என்றது. சட்டம் அதைத்தான் பார்க்கும். எழுதப்படாத செலவுக்குச் சட்டத்திடம் கண்ணில்லை. எங்கள் சமூகத்தில் முதியோரைப் பராமரிப்பவர் பெரும்பாலும் பெண். கணக்கைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆண். ஆகவே கொப்பி எழுதத் தொடங்க வேண்டியது மரணத்தின் பின்னர் அன்று. ஒருவர் படுக்கையில் விழும் அன்றே, பராமரிப்பவரின் கையால் அது தொடங்க வேண்டும். 'அண்ணருக்குச் செய்ததற்குக் காசு கேட்பதா' என்று அக்கா கேட்டார். கேட்கத் தேவையில்லை அக்கா, நாங்கள் அறிந்திருந்தாற் போதும் என்பதே என் பதில். அறிந்திருந்தால் நாங்களாகவே செய்திருப்போம்.

சட்டத்தரணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வழக்குக் கோவையைத் திறக்கும் முதல்நாளே, பன்னிரண்டு மாதத்தில் சத்தியம் செய்து கணக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்சிக்காரருக்குச் சொல்லுங்கள். எனக்குச் சொல்லப்படவில்லை, நானும் கேட்கவில்லை. நீதி அமைச்சு தமிழிலும் சிங்களத்திலும் ஓர் எளிய கணக்குப் படிவத்தை அச்சிட்டு, அதிகாரப் பத்திரத்தோடு சேர்த்துக் கையில் கொடுத்தால் என்ன? ஒரு தாளின் செலவில் எத்தனை குடும்பங்கள் தப்பும்.

இனி அந்த மூன்று இலட்சம். 2023இன் தொடக்கத்தில் வீட்டை விற்பதற்காக ஒதுக்கும்போது அக்காவின் தையற் பெட்டிக்குள் அண்ணரின் பழைய சட்டைப்பை நாட்குறிப்புகள் மூன்று அகப்பட்டன. ஒன்றில், அவருடைய சிறிய சாய்ந்த எழுத்தில், நாளோடு ஒரு வரி: 'மேல்வீடு – மேலதிக முற்பணம் 3 இலட்சம் – பெற்றேன்.' கீழே கையொப்பம். தனக்குத்தானே எழுதிய குறிப்புக்கு யார் கையொப்பமிடுவார்? அண்ணர் இட்டிருந்தார். இருந்தபோது அவர் எழுதிவைத்த ஒரு வரியால்தான் பத்திரிகைக்காரனான, வாழ்நாளெல்லாம் எழுதியே பிழைத்த அவருடைய தம்பி தப்பினான்.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இலண்டனுக்கு அனுப்பினேன். மாலையில் அழைப்பு வந்தது. வெகுநேரம் இருவரும் அண்ணரின் கையெழுத்தைப் பற்றியே பேசினோம். சொன்னவற்றுக்கு நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. பேச்சு இப்போது இருக்கிறது. பழைய உரிமை இன்னும் வரவில்லை.

இறுதிக் கணக்கைச் சத்தியம் செய்து கொடுத்த அன்று, முதல் ஏழு மாதங்களுக்குரிய பக்கங்களில் 'நினைவிலிருந்து எழுதப்பட்டது' என்று நானே குறித்தேன். அதற்கு முன் நால்வரும் பார்த்து ஒப்பமிட்டார்கள். மறுநாள் வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடைக்குப் போய் இரண்டு கொப்பிகள் வாங்கினேன். ஒன்று அக்காவுக்கு. மற்றது எனக்கு, என்றோ ஒருநாள் என் அலுமாரியைத் திறக்கப்போகும் என் பிள்ளைகளுக்காக.